தலைப்பிடி

வடதுருவத்தை ஒட்டிய தைமிரில் ஜூன் மாதத்தை வசந்தம் என்று சொல்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். கோடியக்கரைப் பக்கத்து உள்ளான்திடலில் பிறந்து வளர்ந்த உத்திராபதிக்கு அது ஐஸ் பெட்டியின் மூடியைக் கொஞ்சம் திறந்து வைத்த மாதிரிதான் இருந்தது. பனி முழுதாகப் போகவில்லை. போன இடங்களில் தரை கறுத்து, சொதசொதவென்று, கால் வைத்தால் முழங்கால்வரை வாங்கிக்கொள்ளும் சேறாகக் கிடந்தது. மரம் என்று சொல்லிக்கொள்ள ஒன்று கிடையாது. இருக்கிற செடிகளும் கணுக்கால் உயரம். சூரியன் மட்டும் விடாக்கண்டன். வானத்தைச் சுற்றிச் சுற்றி வருமே தவிர, மறைகிற பேச்சே இல்லை.

எட்டாவது வருஷமாக அவர் இங்கே வருகிறார். வேலை ஒன்றுதான். தெற்கே குளிர்காலத்தைக் கழித்துவிட்டு முட்டையிட இங்கே வந்திறங்கும் வளைமூக்கு உள்ளான்களை, சிறகு ஒடியாமல் உயிரோடு பிடித்துக் கொடுக்க வேண்டும். நான்கு தலைமுறையாகக் கண்ணி வைத்த குடும்பம். தாத்தா காலத்தில் பிடித்ததைத் தின்றார்கள். அப்பா காலத்தில் சட்டம் வந்தது. பிடித்ததற்குக் காலில் வளையம் மாட்டிப் பறக்கவிட்டார்கள். உத்திராபதி காலத்தில் பிடித்ததற்கு மருந்து கொடுத்தார்கள். கை அதே கைதான்.

வலையைவிட அவருடைய வாய்தான் பெரிய ஆயுதம். ஆராய்ச்சி நிலையத்தார் முதல் வருஷம் ஒலிபெருக்கி வைத்துப் பறவைச் சத்தத்தைப் போட்டுப் பார்த்தார்கள். வந்த கூட்டம் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, 'இவனுகளுக்கு வேற வேலை இல்லை' என்பதுபோலப் போய்விட்டது. உத்திராபதி உதட்டைக் குவித்தால் இறங்கும். அதில் மந்திரம் ஒன்றும் இல்லை. சேற்றில் மேய்கிற கூட்டம் வயிறு நிறைந்திருக்கும்போது தங்களுக்குள் போட்டுக்கொள்ளும் மெல்லிய சத்தம் அது. 'இங்கே நாங்கள் இருக்கிறோம், பயமில்லை, வா' என்று அதற்கு அர்த்தம். அந்தப் பொய்யை ஐந்து வயதிலேயே அப்பா அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. பாசி மேட்டுக்குப் பின்னால் குப்புறப் படுத்து, வலைக்கயிற்றைப் பிடித்தபடி காத்திருந்தார். பக்கத்தில் டாக்டர் சுகிர்தா. மருந்தைக் கண்டுபிடித்த ஐந்து பேரில் ஒருத்தி. பாளையங்கோட்டைக்காரி, நாற்பது வயது. எப்போதும் ஏதோ பரீட்சைக்கு நேரமாகிவிட்ட முகம்.

"அண்ணே, இன்னிக்கு வருமா?"

"வந்துருச்சு. கேக்கலை?"

சுகிர்தாவுக்குக் காற்று மட்டும்தான் கேட்டது. அதற்குள் தெற்கிலிருந்து ஒரு புள்ளி தெரிந்தது. அடுத்த புள்ளி வரும் என்று பார்த்தார்கள். வரவில்லை. வழக்கமாகப் பத்து, இருபதாகத்தான் வந்திறங்கும். இது ஒற்றையாக வந்தது.

உத்திராபதி உதட்டைக் குவித்தார். மற்ற பறவைகள் மூன்று நான்கு தடவை சந்தேகப்பட்டுச் சுற்றிவிட்டுத்தான் இறங்கும். இது முதல் சத்தத்துக்கே விழுந்தடித்துக்கொண்டு வந்தது. வந்து, வலைக்கு நடுவில் நின்று, நாலாப் பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்தது. 'எங்கே எல்லாரும்?' என்று கேட்கிற பார்வை. அவருக்கே வெட்கமாகிவிட்டது. கயிற்றை இழுத்தார்.

கையில் எடுத்தபோது சுரீரென்றது. செங்கல் நிறத்தில் இருக்கவேண்டிய நெஞ்சு துருப்பிடித்த நிறத்தில் இருந்தது. நெஞ்செலும்பு கத்திமுனை மாதிரி விரலில் இடறியது. வயிற்று இறகுகளில் ஏதோ எண்ணெய்ப் பிசுக்கு. அவர் விரல்களைத் தளர்த்தினார். அந்த வருஷத்தின் முதல் பறவை. விட்டுவிட வேண்டும்.

"அண்ணே, ஒரு நிமிஷம். கால்ல வளையம் இருக்கே!"

இருந்தது. அவசரத்தில் அவர் கவனிக்கவில்லை. கண்ணிக்காரன் கவனிக்காமல் விட்ட இடத்தில் படித்தவள் கண் போய் நின்றது. சுகிர்தா வளையத்தின் மேல் கருவியைக் காட்டினாள். அந்த வளையத்துக்குள் கடுகளவு ஒரு பொருள் உண்டு. பறவை எங்கெங்கே போனது, எத்தனை நாள் இருந்தது எல்லாம் அதில் பதிந்திருக்கும்.

திரையைப் பார்த்தவளின் நெற்றி சுருங்கியது. "மூணு வருஷத்துக்கு முன்னால நாமதான் பிடிச்சிருக்கோம். மருந்து கொடுத்ததா டிக் இருக்கு. ஆனா இது புது ஏரிக்குப் போகவே இல்லை. மூணு குளிர்காலமும் கோடியக்கரைக்கே போயிருக்கு."

உத்திராபதிக்கு நெஞ்சுக்குள் யாரோ விளக்கேற்றிய மாதிரி இருந்தது. ஒன்று போகிறது. கூட்டமே போன பிறகும் நம்ம திடலைத் தேடி ஒன்று போகிறது. இந்தப் பாழாய்ப்போன சேற்றில் குப்புறப் படுத்துக்கொண்டு அவர் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு புரிய வேண்டுமானால் கதை கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

கோடியக்கரைச் சேற்றுவெளியில் துறைமுகம் கட்ட ஒரு நிறுவனம் வந்தது. குறுக்கே நின்றது பழைய தீர்ப்பு ஒன்று: பறவை வருகிறவரை அந்தச் சேற்றையும், அதற்குக் காவல் இருக்கிற உள்ளான்திடல் குடிகளையும் யாரும் அசைக்கக் கூடாது. நல்ல தீர்ப்பு. ஆனால் 'வருகிறவரை' என்று எழுதிய புண்ணியவான், வராமலிருக்கச் செய்ய ஒரு மருந்து வரும் என்று கனவு கண்டிருப்பாரா? நிலையத்தார் வந்து உத்திராபதியிடம் உருகினார்கள். கடல் ஏறி வருகிறது, இன்னும் இருபது வருஷத்தில் சேறு முழுகிவிடும், அதற்குள் பறவைகளுக்கு வேறு வீடு பழக்காவிட்டால் இனமே அழிந்துவிடும் என்றார்கள். வடக்கே ஒரு செயற்கை ஏரி தயாராக இருந்தது. பறவைமேல் உயிரை வைத்திருந்த மனுஷன் நம்பினார். ஏழு வசந்தத்தில் பதினோராயிரம் உள்ளான்களைத் தன் கையால் பிடித்து, வாயில் ஒரு சொட்டு விட்டு அனுப்பினார். மற்ற பறவைகளுக்கு மற்ற ஆட்கள் இருந்தார்கள். ஐந்தாம் வருஷத்திலிருந்து கோடியக்கரை காலி. முதல் குளிர்காலம் காலியாகப் போனதுமே, தீர்ப்பு இருக்கும்போதே, சேற்றில் சிமெண்டு போட ஆரம்பித்துவிட்டார்கள். மூன்று குளிர்காலம் பார்த்துவிட்டு, பறவை இல்லை, ஆகவே காவலும் இல்லை என்று எழுதிவிட்டார்கள். கடல் ஏறுவதற்கு முன்னால் லாரி ஏறியது. இந்த வருஷம் ஏப்ரல் கடைசியில் உள்ளான்திடலின் தொண்ணூறு வீட்டையும் புதுக்கோட்டைப் பக்கத்துப் பொட்டலில் கொண்டுபோய் இறக்கினார்கள்.

"உத்திராபதி பறவையைப் பிடிச்சான், பறவை ஊரைப் புடிச்சுக்கிட்டுப் போச்சு" என்று லாரியில் உட்கார்ந்து ஒருத்தி சொன்னாள்.   தன் கையே தன் கண்ணைக் குத்தினால் யாரிடம் போய் முறையிடுவது? பத்து நாள் கழித்து மறுபடி தைமிருக்குக் கிளம்பிவிட்டார். வேறு தொழில் தெரியாது. போகாமலிருந்தால் மட்டும் சேறு திரும்பிவிடுமா?

"எதுக்கு அண்ணே சிரிக்கீங்க? மருந்து ஏன் வேலை செய்யலைன்னு நான் மண்டையை உடைச்சுக்கிட்டிருக்கேன்."

"மருந்து மேல பழி போடாதீங்கம்மா. அதுக்கு மருந்தே குடுக்கலை."

சுகிர்தா நிமிர்ந்தாள்.

"எங்க வழக்கம். பருவத்துல முதல்ல விழுற பறவையை நாங்க வெச்சுக்க மாட்டோம். தலைப்பிடின்னு பேரு. தின்னுக்கிட்டிருந்த காலத்துலயே அதை விட்டுடுவாங்க. எல்லாத்தையும் எடுத்துக்கிட்டா அடுத்த வருஷம் வழி காட்ட யாரு வருவான்னு எங்கப்பா சொல்வாரு. இங்கயும் வருஷத்துக்கு ஒண்ணு, வளையத்தை மட்டும் மாட்டிட்டு, சொட்டை மண்ணுல விட்டுட்டு, டிக் போட்டுட்டேன். ஏழு வருஷம், ஏழு பறவை. கோவிச்சுக்காதீங்க."

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. அது அவருக்குப் பிடிக்கவில்லை. கருவியை அவர் பக்கம் திருப்பினாள். திரையில் கோடியக்கரைப் படம். சேறு இருந்த இடத்தில் சாம்பல் நிறக் கட்டங்கள். கட்டங்களுக்கு நடுவில் ஒரே இடத்தில் குவிந்த சிவப்புப் புள்ளிகள்.

"இது சரக்குப் பெட்டி அடுக்குற முற்றம். இது அதோட சாக்கடை. நூத்தி எழுபது நாள் உங்க தலைப்பிடி இந்தச் சாக்கடை ஓரத்தை விட்டு நகரலை. மேய இடம் இல்லை, கூட்டம் இல்லை. இந்த ஜாதி தனியா மேயாது அண்ணே. ஒண்ணு தின்னும்போது இன்னொண்ணு தலையைத் தூக்கிப் பார்க்கணும். தனியா இருந்தா எந்நேரமும் இதே தலையைத் தூக்கிக்கிட்டு நிக்கும். மூணு வருஷம் எப்படி உயிரோட இருந்துச்சோ!"

"மத்த ஆறு?"

"ஒண்ணுகூடத் திரும்பி வரலை."

ஏற்றிய விளக்கு அணைந்துவிட்டது. உத்திராபதி பறவையைப் பார்த்தார். அது அவர் கைக்குள் சூடாக, லேசாக, கண்ணை மூடாமல் கிடந்தது.

"அப்ப மூணு குளிர்காலமா அங்க பறவை வந்திருக்குல்ல? பறவை இல்லைன்னு எப்படி எழுதினாங்க?"

"நூத்துக்குக் கீழே இருந்தா இல்லைன்னுதான் எழுதணும். ஒண்ணை யாரும் எண்ண மாட்டாங்க."

"இந்த மருந்து குடிச்சா மட்டும் இதுக்கு நம்ம சேறு மறந்துடுமா?"

"மறக்காது. ஞாபகத்தை நாங்க தொடுறதே இல்லை. இடம், வழி எல்லாம் அப்படியே இருக்கும். இழுப்புதான் இருக்காது. அங்க போகணும்னு தோணாது, அவ்வளவுதான். ஊர் விட்டு ஊர் வந்து இறங்கின புதுசுல மூளை இளகியிருக்கும், அப்பக் கொடுத்தாப் பிடிக்கும். இறுகிடுச்சுன்னா பிடிக்காது."

குடிசைக்குத் திரும்பி, பறவையைத் துணி போட்ட பெட்டிக்குள் வைத்துப் புழு போட்டார். அது ஒரு புழுவைக் கொத்தும், தலையைத் தூக்கும். ஒன்றைக் கொத்தும், தலையைத் தூக்கும். பெட்டிக்குள் எந்தப் பருந்து வரப்போகிறது? அவருக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை.

மத்தியானம் வீட்டுக்குப் பேசுகிற நேரம். தைமிருக்கு வந்த முதல் இரண்டு வாரம் மனைவி அஞ்சம்மாள் போனில் பேசியதைவிட அழுததுதான் அதிகம். காற்றில் உப்பே இல்லை, குழம்பு வைக்கப் பிடிக்கவில்லை, விடியற்காலையில் அலைச்சத்தம் கேட்காமல் நெஞ்சு அடைக்கிறது என்பாள். அதற்குப் பிறகு இரண்டு வாரமாகப் பனிப்புயலில் போன் வேலை செய்யவில்லை. அழுகையைக் கேட்கத் தயாராக உட்கார்ந்தார்.

"ஏங்க, சாப்பிட்டீங்களா?" குரல் பளிச்சென்று இருந்தது.

"ஆச்சு. நீ எப்படி இருக்க? அழுவுறியா இன்னும்?"

"எதுக்கு அழுவணும்? இங்க எல்லாம் வசதியாத்தான் இருக்கு. ரேஷன் கடை பக்கத்துலயே. பஸ்ஸு வாசல்ல நிக்கிது."

"கடல் இல்லாம..."

"கடல் அங்க இருக்கு. இப்ப எனக்கு என்ன அதுக்கு?" என்று சிரித்தாள். முப்பது வருஷம் கூட வாழ்ந்தவள். அந்தச் சிரிப்பை அவர் கேட்டதே இல்லை. "கடல் காய்ச்சலுக்குச் சொட்டு மருந்து குடுத்தாங்க. அதுலேருந்து ஊருக்கே நல்லாப் போச்சு. மூணு நாள் எல்லாரும் பேச்சுமூச்சு இல்லாம தின்னோம் பாருங்க, அம்புட்டுப் பசி. அப்புறம் மனசு கல்லு எறக்கி வெச்ச மாதிரி ஆயிடுச்சு."

மருந்து குடித்த உள்ளான் மூன்று நாள் சத்தம் போடாமல் தின்னும். அது எட்டு வருஷமாக அவருக்குத் தெரியும். 

"அந்த மருந்து என்ன வாசனை அடிச்சுச்சு?"

"மாங்காய்த்தோல் வாசம். ஏன், உங்களுக்கும் குடுத்தாங்களா?"

ஒவ்வொரு வசந்தமும் குப்பியைத் திறக்கும்போதெல்லாம் அந்த மாங்காய்த்தோல் வாசனையில் அவருக்கு ஊர் ஞாபகம் வரும். 

"நாந்தாங்க எல்லாருக்கும் ஊத்தினேன். சுகாதாரத் தொண்டருன்னு என் பேரைத்தானே எழுதியிருக்காங்க? எல்லாருக்கும் ஊத்திட்டுக் கடைசியா நானும் குடிச்சேன். உங்க பொண்ணு வேதவல்லியைத் தவிர."

"அவளுக்கு ஏன் இல்ல?"

"தலைப்பிடியை விடணும்ல? வரிசையில முதல்ல வந்து நின்னவ அவதான். சொட்டை மண்ணுல விட்டுட்டு, நோட்டுல டிக் போட்டுட்டேன்." இதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. பிறகு குரல் மாறியது. எரிச்சல். பெற்ற மகளைப் பற்றிப் பேசுகிற எரிச்சல் இல்லை அது, பக்கத்து வீட்டு மாட்டைப் பற்றிப் பேசுகிற எரிச்சல். "அவதாங்க இப்ப தொல்லை. தினம் எந்திரிச்சு கிழக்க நடக்குறா. மூணு தடவை பட்டுக்கோட்டை ரோட்டுலேருந்து போலீஸ்காரங்க புடிச்சாந்து விட்டுட்டாங்க. காலெல்லாம் புண்ணு. ஊர் ஓடினா ஒத்து ஓடு, ஒருத்தன் ஓடினா கேட்டு ஓடுன்னு சொல்லுவாங்க. இவ யாரைக் கேட்டு ஓடுறா? மருந்து குடிச்சும் தெளியலைன்னா இது மூளைக்கோளாறுதான்னு டாக்டர் எழுதிட்டாரு. செவ்வாய்க்கிழமை வண்டி வருது, காப்பகத்துக்குக் கூட்டிப் போவ. பூட்டித்தான் வெப்பாங்களாம்."

"மருந்து குடிக்கலைன்னு நீ சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா நோட்டுல பொய் எழுதினேன்னு வரும்ல?" என்றாள் சாதாரணமாக.

கொஞ்ச நேரத்தில் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டுத் திரும்பினார். சுகிர்தா அடுப்புப் பக்கத்தில் நின்றிருந்தாள். போன் சத்தமாகத்தான் பேசும். அவள் எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"உங்களுக்குத் தெரியுமாம்மா?"

"எனக்கு ஒரே ஒரு கேள்வி அனுப்பினாங்க. மனுஷங்களுக்குக் கொடுத்தா உயிருக்கு ஆபத்தான்னு. இல்லைன்னு எழுதினேன். அது உண்மைதான் அண்ணே."

"உண்மைதான்," என்றார் உத்திராபதி. "என் பொண்டாட்டி உயிரோடதான் இருக்கா."

சுகிர்தாவின் முகத்தில் அந்தப் பரீட்சை அவசரம் இப்போது இல்லை. பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள். அவளைத் திட்ட வேண்டும் என்று அவருக்கு வாய் வரை வந்தது. பதினோராயிரம் சொட்டு விட்ட கையை வைத்துக்கொண்டு யாரைத் திட்டுவது?

"மனுஷங்களுக்கு எத்தனை நாளைக்குள்ள குடுத்தாப் பிடிக்கும்?"

"நாற்பது நாள்."

விரல் விட்டுப் பார்த்தார். லாரியிலிருந்து இறங்கி அன்றைக்கு முப்பத்தெட்டு. ஹெலிகாப்டர் ஜூலையில்தான் வரும். அதற்கு முன்னால் இந்தச் சேற்றைத் தாண்டிப் போக அவருக்குச் சிறகு கிடையாது.

மறுபடி போன் போட்டு மகளைக் கூப்பிடச் சொன்னார். இருபத்திரண்டு வயது. பறவைக் காவல் குடிகளின் பேரேட்டில் கடைசியாக எழுதப்பட்ட பெயர் அவளுடையது. பறவை எண்ணும் கோபுரத்தில் ஏறி நின்று, வெறும் வெளியைப் பார்த்துப் பார்த்து, மூன்று குளிர்காலம் 'பறவை இல்லை' என்று எழுதியவள்.

"அப்பா! எனக்குப் பைத்தியமாப்பா?"

"யாரும்மா சொன்னா?"

"எல்லாரும்தான். யாருகிட்டப் போயி நம்ம திடலைப் பத்திப் பேசினாலும், ஆமா இருந்துச்சுங்கிறாங்க. எப்பவோ செத்துப்போன யாரையோ சொல்ற மாதிரி. அம்மா சிரிக்குதுப்பா. எனக்குக் காலு தானாப் போவுது. தூங்கி எந்திரிச்சுப் பாத்தா கிழக்கப் பாத்து உக்காந்திருக்கேன். நான் என்ன செய்வேன்?"

"நீ மருந்து குடிக்கலைம்மா. அதான்."

"எனக்குத் தெரியும். அந்த மருந்துதான் இவங்களை இப்படி ஆக்கிடுச்சுன்னு எனக்குத் தெரியும். அதை நான் குடிக்க மாட்டேன். இதுவும் போச்சுன்னா எங்கிட்ட என்னப்பா மிச்சம் இருக்கும்? நீங்க வாங்க. நாம ரெண்டு பேரும் போயிடலாம்."

"எங்க?"

"நம்ம திடலுக்குத்தான்."

"அங்க திடல் இல்லைம்மா. சிமெண்டு போட்டுட்டாங்க."

"எங்கயாவது ஒரு மூலையில கொஞ்சம் சேறு இருக்கும்ப்பா. அது போதும் எனக்கு."

பெட்டிக்குள் உள்ளான் ஒரு புழுவைக் கொத்தியது. தலையைத் தூக்கியது.

உத்திராபதிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. 'நீதாம்மா சரி, ஊர் பூரா தப்பு' என்று சொல்ல வேண்டும் போலிருந்தது. அதுதான் உண்மை. அந்த உண்மையைக் கையில் கொடுத்து அவளை எங்கே அனுப்புவது? பூட்டிய அறைக்கா, சரக்குப் பெட்டிச் சாக்கடைக்கா? ஏழு பறவைகளுக்கு அவர் காட்டிய இரக்கத்தைப் பெற்ற மகளுக்கும் காட்டுவதா? முகத்தைக் கையால் அழுத்தித் துடைத்துக்கொண்டார். தொண்டையைச் செருமி, உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார். பிறகு வந்த குரல் அவருக்கு நன்றாகத் தெரிந்த குரல். மெல்லியது, நிதானமானது, வயிறு நிறைந்தது. பாசி மேட்டுக்குப் பின்னால் படுத்துக்கொண்டு பதினோராயிரம் தடவை போட்ட குரல்.

"சரிம்மா. வரேன். செவ்வாய்க்கிழமை காலையில வந்துடுவேன். நாம ரெண்டு பேருமாப் போவோம். பயப்படாத."

"நெஜமாவாப்பா?"

"நெஜமா. ஆனா நடக்கணும்ல? காலு இப்படிப் புண்ணா இருந்தா எப்படி நடப்ப? அம்மாவை மாங்கா இஞ்சி தட்டிப் போட்டுக் கஷாயம் வெச்சுத் தரச் சொல்றேன். புண்ணு ரெண்டு நாள்ல காஞ்சிடும். கொஞ்சம் மாங்கா வாசமா இருக்கும். ஒரே மடக்கா முழுங்கிடு."

அந்தப் பக்கம் ஒரு நிமிஷம் சத்தம் இல்லை. தலையைத் தூக்கிப் பார்க்கிறாள் என்று அவருக்குத் தோன்றியது.

"நீங்க சொன்னாக் குடிக்கிறேன்ப்பா," என்றாள்.

"என் கண்ணு. அம்மாகிட்டக் குடு."

அஞ்சம்மாளிடம் விஷயத்தை ஏழெட்டு வார்த்தையில் முடித்தார். மருந்துப் பெட்டியில் ஒரு குப்பி மிச்சம் இருந்தது. "இதைத்தானே நானும் சொல்றேன், ஊரோட ஒத்துப் போவட்டும்" என்றாள் அவள். இரண்டு மணி நேரம் கழித்து அவளே கூப்பிட்டாள். குடித்துவிட்டாள், இப்போது பசிக்கிறது என்று சோறு கேட்கிறாள் என்றாள். மகள் ஏதாவது சொன்னாளா என்று கேட்டார். "கஷாயம் நல்லாருக்குன்னு உங்ககிட்டச் சொல்லச் சொன்னா. செவ்வாய்க்கிழமை சாக்கிரதையா வரச் சொன்னா."

போனை வைத்தார். வெளியே சூரியன் இன்னும் இறங்காமல் நின்றது. பிறகு எழுந்து பெட்டியைத் திறந்து உள்ளானை எடுத்தார். இடது கையில் கழுத்தைத் தாங்கி, அலகைக் கட்டை விரலால் விலக்கி, ஒரு சொட்டு விட்டார். குடிசை முழுக்க மாங்காய்த்தோல் வாசனை. பறவை இரண்டு தடவை தலையை உதறியது. பெட்டியில் விட்டதும் தின்ன ஆரம்பித்தது. கால் மணி நேரம் போயிற்று. அது தலையைத் தூக்கவே இல்லை.

சுகிர்தா பக்கத்தில் வந்து நின்றாள். அவள் கண் சிவந்திருந்தது. "நீங்க அந்தப் புது ஊருக்குப் போய்ப் பத்து நாள்தானே அங்க இருந்தீங்க? இங்க வந்தும் நாலு வாரம்தான் ஆகுது. இன்னும் பிடிக்கும் அண்ணே," என்றாள் தயங்கித் தயங்கி. "அவங்க எல்லாரும் ஒரு மாதிரியும் நீங்க மட்டும் வேற மாதிரியும்... எப்படி அந்த வீட்டுல இருப்பீங்க? வேணும்னா உங்களுக்கும் ஒரு சொட்டு..."

உத்திராபதி குப்பியை மூடி அவளிடமே கொடுத்தார்.

"வேணாம்மா. முதல்ல விழுந்தவன் நான்தான். தலைப்பிடியை விட்டுடணும். எங்க வழக்கம் அது."

மறுநாள் காலை தெற்கே வானம் கறுத்தது. கூட்டம் கூட்டமாக வந்தன. நூறு, இருநூறு, அதற்கும் மேலே. புது ஏரியில் நன்றாகத் தின்று கொழுத்த, செங்கல் நிற நெஞ்சுகள். கூடவே போன வருஷம் இங்கே பொரிந்த, இன்னும் மருந்து பார்க்காத இளசுகளும் இருந்தன. உத்திராபதி பாசி மேட்டுக்குப் பின்னால் குப்புறப் படுத்து, கயிற்றை இறுக்கிப் பிடித்தார். சேறு நெஞ்சில் சில்லென்று ஏறியது. உதட்டை ஈரப்படுத்திக்கொண்டு, இங்கே நாங்கள் இருக்கிறோம், பயமில்லை, வா என்றார்.

நம்பி இறங்கின.